அநியாயம்னு அழுற புள்ளைக்கு என்ன பதில் சொல்றது? (வாசகர் கேள்வி, அக்கா பதில்)

இந்த தடவை வந்த கடிதாசியில பாதிக்கு மேல புள்ளைங்களோட ஏமாத்தத்தைப் பத்திதான், அதனால மாமியார் பிரச்சனை, முடி கொட்டுற பிரச்சனை எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சிட்டேன், கோச்சுக்காதீங்க. பேரு போட வேணாம்னு எல்லாருமே கேட்டிருக்கீங்க, ஊரை மட்டும் போடுறேன்.

கேள்வி: அக்கா, என் பொண்ணுக்கு 9 வயசு. வாரம் பூரா பள்ளிக்கூடத்துல பர்மா பாஷைதான், ஞாயித்துக்கிழமை மட்டும் கோயில் தமிழ் வகுப்புக்கு போறா. பொங்கல் விழா குறள் போட்டிக்காக 5 அதிகாரம், 50 குறள் மனப்பாடம் பண்ணா, கரண்ட் இல்லாத ராத்திரியெல்லாம் சார்ஜ் லைட் வச்சுகிட்டு படிச்சா. விழா அன்னிக்கு பேச்சு நீண்டுட்டே போயி நேரம் இல்லைன்னு கொஞ்சம் புள்ளைங்க பேரை எடுத்துட்டாங்க, அதுல இவளும் ஒருத்தி. ஆனா கடைசியா பேரு கொடுத்த ஒரு பையன், பெரிய நன்கொடை கொடுக்குறவர் பேரன், அவனை மட்டும் மேடை ஏத்தி பரிசும் கொடுத்துட்டாங்க. இப்ப இவ தமிழ் வகுப்புக்கே போக மாட்டேங்குறா. வீட்டுக்காரர் கமிட்டிகிட்ட போயி சண்டை போடுறேங்குறார், மாமியார் சின்ன விஷயம் விடு, சாமி பாத்துக்கும்ங்குறாங்க. நான் யாரு பேச்சை கேக்குறது? (ரங்கூன், தாம்வே)

பதில்: முதல்ல மாமியார் சொன்னதை எடுத்துக்குறேன் தங்கச்சி, ஏன்னா முக்கால்வாசி வீட்டுல வர்ற பதில் அதுதான். சின்ன விஷயம், தலையெழுத்து, சாமி பாத்துக்கும். இந்த ஊருல நமக்கும் பர்மாக்காரங்களுக்கும் பொதுவா ஒரு பழக்கம் இருக்கு, எது நடந்தாலும் போன ஜென்மத்து கணக்குல எழுதி மூடிடுறது. பெரியவங்களுக்கு அது நெஜமாவே ஆறுதலா இருக்கலாம், அதை நான் குறை சொல்லல. ஆனா 9 வயசு புள்ளை காதுல அது வேற மாதிரி விழும். நான் கண்ணால பாத்தேன், அம்மாவும் பக்கத்துல இருந்து பாத்தாங்க, ஆனா ஒண்ணுமே நடக்காத மாதிரி பேசுறாங்களேன்னு ஒரு பக்கம். தலையெழுத்துன்னா அப்ப என்கிட்டதான் ஏதோ குறைன்னு இன்னொரு பக்கம். ரெண்டாவதுதான் ஆபத்து.

உங்க பொண்ணு ஒண்ணும் ஓவரா பண்ணல. புள்ளைங்க இதுல எவ்வளவு கெட்டின்னு ஆராய்ச்சியே இருக்கு. ரெண்டு புள்ளைங்களை எதிரும் புதிருமா உக்கார வச்சு மிட்டாயை பங்கு போட்டு வைப்பாங்க, ஒரு புள்ளை கையில மட்டும் ரெண்டு கைப்பிடி இருக்கும், ஒண்ணை இழுத்தா ஆளுக்கு வச்சது அவங்கவங்களுக்கு, இன்னொண்ணை இழுத்தா ரெண்டு பேருக்குமே ஒண்ணும் கிடையாது. தனக்கு 1, எதிர்ல இருக்குறவங்களுக்கு 4ன்னு வச்சா 4, 5 வயசு புள்ளைங்க கூட அந்த ஒரு மிட்டாயும் வேணாம்னு தள்ளி விட்டுச்சுங்களாம். 2015ல இந்தியா உட்பட 7 நாட்டுல இதையே செஞ்சு பாத்து வெளியிட்டாங்க, தனக்கு கம்மியா வந்தா தள்ளி விடுறது 7 நாட்டுலயும் இருந்துச்சு. அதனால, இவளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ரோஷம்னு கேக்காதீங்க.

சரி என்ன சொல்றது? "ஆமாம்மா, அது நியாயம் இல்ல, நீ கஷ்டப்பட்டு படிச்ச, உன்னையும் கூப்பிட்டிருக்கணும்." இதை சொல்லிட்டு வாயை மூடிக்கணும், அதான் நமக்கு கஷ்டமான வேலை. உடனே "ஆனா பாரு"ன்னு ஆரம்பிக்காதீங்க. அழுதா அழட்டும், திட்டினா திட்டட்டும். கையோட மோகல் ஸ்ட்ரீட்டுக்கு கூட்டிட்டு போயி பலூடா வாங்கி கொடுத்து வாயை அடைக்கவும் வேணாம், பலூடாவை வேற நாள்ல தாராளமா வாங்கி கொடுங்க, ஆனா அழுதா ஏதாவது கிடைக்கும்னு அவ கணக்கு போட ஆரம்பிச்சிட்டா அப்புறம் அந்த கணக்கை அழிக்கிறது கஷ்டம்.

இப்ப வீட்டுக்காரர் விஷயம். அவர் கோவம் நியாயம்தான், ஆனா அவர் போயி சத்தம் போட்டா அது அவரோட சண்டை ஆயிடும், புள்ளையோட குறள் அதுல காணாம போயிடும், அடுத்த ஞாயித்துக்கிழமை அவ அங்க போயி உக்காந்தா சண்டைக்காரர் மகள்னு ஒரு பேரு வேற. அதுக்கு பதிலா ஒரு வாரம் கழிச்சு, சூடு ஆறினப்புறம், அவளே டீச்சர்கிட்ட கேக்கட்டும், நீங்க பக்கத்துல நில்லுங்க போதும். வீட்டுலயே ஒத்திகை பாருங்க. "டீச்சர், என் பேரை ஏன் எடுத்தாங்க? யாரு முடிவு பண்ணாங்க? அடுத்த வருஷம் எப்படி முடிவு பண்ணுவீங்க?" குத்தம் சொல்ற மாதிரி இல்லாம கேள்வியா கேக்க பழக்குங்க. டீச்சர் மனசு வருத்தப்பட்டு அடுத்த வகுப்புலயே அவளை ஒப்பிக்க சொல்லலாம், இல்ல சும்மா மழுப்பியும் விடலாம். மழுப்பினாலும் மழுப்புவாங்கன்னு போறதுக்கு முன்னாடியே புள்ளைகிட்ட சொல்லிடுங்க, அது ரொம்ப முக்கியம். கேட்டா கிடைக்கும்னு சொல்லி கூட்டிட்டு போகாதீங்க, கேக்க வேண்டியதை கேட்டோம்னு சொல்லி கூட்டிட்டு வாங்க.

கமிட்டிகிட்ட உங்க வீட்டுக்காரர் தனியா பேசட்டும், பட்டியல்லேருந்து பேரை எடுத்துட்ட மத்த புள்ளைங்களோட அப்பா அம்மாவையும் சேத்துகிட்டு. பேரு கொடுத்த வரிசையை முன்னாடியே ஒட்டி வைங்க, புள்ளைங்க நிகழ்ச்சி முதல்ல, பேச்சு அப்புறம்னு மாத்துங்கன்னு கேக்கட்டும். நம்ம விழாவுல ஒவ்வொருத்தருக்கா பொன்னாடை போத்தி போட்டோ எடுத்து முடிக்கிறதுக்குள்ள முன்னாடி உக்காந்திருக்குற புள்ளைங்க பாதி தூங்கிடுது, இதை எழுதுறதுக்காக என் மேல யாரு கோச்சுகிட்டாலும் பரவாயில்ல.

அப்புறம் அந்த பையன். வீட்டுல அவனை யாரும் திட்டாம பாத்துக்கங்க. அவன் கேட்டு வாங்கல, பெரியவங்க ஏத்தி விட்டாங்க, அவனும் அடுத்த வாரம் அதே பெஞ்சுல உக்காருவான். கொஞ்ச நாள் போகட்டும், அவன் இடத்துல நீ இருந்தா என்ன பண்ணியிருப்பன்னு சும்மா கேட்டு பாருங்க, அந்த மிட்டாய் ஆராய்ச்சியிலயே சில நாட்டுல கொஞ்சம் பெரிய புள்ளைங்க தனக்கு அதிகமா வந்தப்பவும் வேணாம்னு தள்ளினாங்க, 9 வயசுல அதை யோசிக்க முடியும். ஆனா முதல் நாளே கேக்காதீங்க, அவங்க பக்கம் பேசுறீங்கன்னு நெனைச்சுக்கும்.

வகுப்புக்கு ஒண்ணு ரெண்டு வாரம் போகலைன்னா குடி முழுகிடாது. கமிட்டி மேல உள்ள கோவத்துக்கு தமிழை விட்டுடாதன்னு மட்டும் சொல்லுங்க. படிச்ச 50 குறளையும் யாராவது ஒருத்தர் முழுசா உக்காந்து கேக்கணும் இல்லையா, மாமியார் கேக்கட்டும், சாமி பாத்துக்குற வரைக்கும் அவங்க பாத்துக்கட்டும்.

கேள்வி: என் மகனுக்கு 5 வயசு, கேரம் விளையாடும்போது தோத்தா காயை வாரி எறியுறான். நான் வேணும்னே தோத்து கொடுக்கவா? (பெகு)

பதில்: எப்பவும் தோத்து கொடுக்காதீங்க தம்பி, வெளிய பசங்க யாரும் அவனுக்கு தோத்து கொடுக்க மாட்டாங்க. ஆனா 5 வயசுக்கு கேரம் கொஞ்சம் அதிகம், கை நிதானம் இன்னும் வரல, தோல்வி மட்டும்தான் வரும். பரமபதம் விளையாடுங்க, அதுல திறமைக்கு வேலையே இல்ல, நீங்களும் பாம்பு வாயில விழுவீங்க. விழும்போது "ஐயோ, 90ல இருந்து கீழ வந்துட்டேனே"ன்னு வாய் விட்டு புலம்பிட்டு அடுத்த கட்டையை உருட்டுங்க, அவன் பாக்கட்டும். எறிஞ்சா அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுது, எறிஞ்ச காயை அவன்தான் பொறுக்கணும், அதுக்கு மேல அட்வைஸ் வேணாம்.

கேள்வி: பேரனுக்கு 7 வயசு. மகனும் மருமகளும் தாய்லாந்துல வேலை செய்யுறாங்க, புள்ளை என்கிட்ட வளருது. தீபாவளிக்கு வர்றேன்னான், வரல. திஞ்சானுக்கு, அதான் பர்மா புது வருஷத் தண்ணித் திருவிழாவுக்கு வர்றேன்னான், அதுக்கும் வரல. வர முடியாத காரணம் இந்த ஊருக்கே தெரியும், புள்ளைக்கு எப்படி தெரியும்? இப்ப இவன் எதுக்குமே பொறுக்குறது இல்ல. சாயங்காலம் தர்றேன்னு பலகாரத்தை எடுத்து வச்சா இப்பவே கொடுங்குறான், ஒளிச்சு வச்சாலும் தேடி எடுத்து தின்னுடுறான். பேராசைன்னு எல்லாரும் சொல்றாங்க. (மோல்மீன்)

பதில்: பெரியம்மா, பேராசைங்குற பேச்சை முதல்ல விடுங்க. உங்க பேரன் பண்ணுறது புத்திசாலித்தனம்.

அமெரிக்காவுல ரோசெஸ்டர்ங்குற ஊர் யுனிவர்சிட்டியில 2013ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. 28 சின்ன புள்ளைங்க. படம் வரைய உக்கார வச்சு, கொஞ்சம் பொறு, இதைவிட நல்ல கலர் பென்சில் கொண்டு வர்றேன்னு சொல்லிட்டு போனாங்க. பாதி புள்ளைங்களுக்கு சொன்ன மாதிரியே கொண்டு வந்து கொடுத்தாங்க. மீதி பாதிக்கு வெறும் கையோட வந்து, சாரி, இல்லன்னுட்டாங்க. ஸ்டிக்கர்லயும் இதையே திரும்ப பண்ணாங்க. அப்புறம் ஒரு மிட்டாயை முன்னாடி வச்சு, நான் வர்ற வரைக்கும் இதை தின்னாம இருந்தா ரெண்டா தர்றேன்னாங்க. வாக்கு காப்பாத்தின ஆளுகிட்ட இருந்த புள்ளைங்க சராசரியா 12 நிமிஷம் காத்திருந்துச்சுங்க, ஏமாந்த புள்ளைங்க 3 நிமிஷம்தான். புள்ளைங்க குணத்துல வித்தியாசம் இல்ல பாருங்க, கொஞ்ச நேரம் முன்னாடி பெரியவங்க நடந்துகிட்டதுலதான் வித்தியாசம். திரும்ப வருமோ வராதோன்னு தெரியாத இடத்துல கையில இருக்குறதை தின்னுடுறதுதானே கெட்டிக்காரத்தனம். உங்க பேரன் தீபாவளியையும் திஞ்சானையும் பாத்துட்டு அந்த முடிவுக்கு வந்திருக்கான்.

அதனால பொறுமையை பத்தி பாடம் நடத்தி பிரயோஜனம் இல்ல, மகனுக்கு போன் போடுங்க. வர்றேன்ங்குற வார்த்தையை அவர் கொஞ்ச காலத்துக்கு சொல்லவே கூடாது, தேதி உறுதியாகுற வரைக்கும். அதுக்கு பதில் முடியுற ஒரு சின்ன வாக்கு. ஞாயித்துக்கிழமை ராத்திரி 7 மணிக்கு போன் பண்ணுவேன், லைன் கிடைக்கலைன்னா வாய்ஸ் மெசேஜ் போட்டு வச்சிருப்பேன். வாரா வாரம் தவறாம அது நடக்கணும், மழையோ காய்ச்சலோ ஓவர்டைமோ. ஏன் வரலன்னு கேட்டா, "வர ஆசை இருக்கு, இப்ப வர வழி இல்ல, எப்பன்னு எனக்கே தெரியல"ன்னு மகன் வாயாலயே சொல்லட்டும். 7 வயசு புள்ளை அந்த பதிலை கேட்டு அழும்தான், ஆனா அடுத்த மாசம் அடுத்த மாசம்னு இழுக்குறதை விட அது தேவலை.

நீங்களும் சாயங்காலம்னு சொன்ன பலகாரத்தை சாயங்காலம் கொடுத்துடணும், மறந்துட்டேன் நாளைக்குன்னு சொல்லக்கூடாது. கரண்ட் வந்ததும் கார்ட்டூன் போடுறேன்னு சொல்லாதீங்க, அது நம்ம கையில இல்ல. "மீ லா பி", கரண்ட் வந்துடுச்சுன்னு தெருவே கத்தும்போது புள்ளை சந்தோஷப்பட்டா அது லாபம்னு வச்சுக்கங்க, வாக்கு கொடுக்குறது நம்ம கையில இருக்குறதுக்கு மட்டும்.

கேள்வி: மகனுக்கு 12 வயசு. வகுப்புல ரெண்டு மூணு பசங்க 'கலா'ன்னு (இந்திய வம்சாவளிக்காரங்களை மட்டமா கூப்பிடுற பேரு) கேலி பண்ணி, உங்க ஊருக்கு போங்கடாங்குறாங்களாம். நாங்க இங்க நாலு தலைமுறை, எனக்கே வேற ஊர் தெரியாது. "நம்ம இந்த ஊருக்காரங்க இல்லையாப்பா"ன்னு கேக்குறான். தாங்கிக்கோன்னு சொல்றதா, திருப்பி அடின்னு சொல்றதா? எங்க அப்பா ரெண்டாவதை சொல்லி கொடுத்துட்டு இருக்கார். (ரங்கூன், திங்கன்ஜூன்)

பதில்: மத்த கேள்விங்களோட இதை சேக்க எனக்கு மனசு வரல தம்பி. தோக்குறது, பரிசு போறது, அப்பா வராம போறது எல்லாம் தாங்க பழகிக்க வேண்டியது. இது அப்படி இல்ல. ஒரு புள்ளை இதை தாங்க பழகிட்டா அதுல பெருமைப்பட ஒண்ணும் இல்ல, இதை நிறுத்த வேண்டியது பெரியவங்க வேலை. அதனால முதல் வேலை உங்களுக்கு. வகுப்பு சயாமாவை, அதான் டீச்சரம்மாவை போயி பாருங்க, மரியாதையா, தனியா, என்னைக்கு யாரு என்ன சொன்னாங்கன்னு எழுதி எடுத்துட்டு போங்க. புள்ளைங்க சயா சயாமாவுக்கு கும்பிட்டு கடோ (மரியாதை வணக்கம்) பண்ணுற ஊரு இது, அவங்க ஒரு வார்த்தை சொன்னா வகுப்பு கேக்கும். கேலி பண்ணுற பசங்க பேரை மேடை போட்டு சொல்ல வேணாம், உக்கார்ற இடத்தை மாத்துங்க, இன்டர்வெல் நேரத்துல கொஞ்சம் கண்ணு வைங்கன்னு கேளுங்க. ஒரு தடவை போயி நடக்கலைன்னா திரும்ப போங்க.

அடிக்கிறதை பத்தி உங்க அப்பாகிட்ட சொல்லுங்க, அடிச்சா தப்பு யாரு மேலன்னே மாறிடும், அப்புறம் சயாமா உங்க மகனைத்தான் நிக்க வைப்பாங்க. "அப்படி கூப்பிடாத, எனக்கு பேரு இருக்கு"ன்னு நேரா நின்னு பர்மா பாஷையில சத்தமா சொல்லிட்டு நகர்ந்து போயி சயாமாகிட்ட சொல்ல பழக்கலாம். கூட்டாளி ஒருத்தன் கூட நின்னா இன்னும் நல்லது, பெரும்பாலும் அந்த கூட்டாளி ஒரு பர்மாக்கார பையனாத்தான் இருப்பான், அதை உங்க மகன் கவனிக்கணும்.

அந்த கேள்விக்கு பதில்: ஆமா, நம்ம இந்த ஊருக்காரங்கதான். அதோட நிறுத்தாதீங்க, 12 வயசுக்கு கதை வேணும். ஜப்பான்காரன் 1941 டிசம்பர்ல ரங்கூன்ல குண்டு போட்டப்புறம் நம்ம சனங்க காட்டு வழியா நடந்தே இந்தியாவுக்கு போனாங்க, வழியிலயே செத்தவங்க எத்தனையோ பேரு. போனவங்கள்ல பல பேரு யுத்தம் முடிஞ்சு திரும்பவும் இங்கயே வந்தாங்க. 1964ல கடைங்களை அரசாங்கம் எடுத்துகிச்சு, அதே வருஷம் மே மாசம் 50, 100 சாட் (பர்மா பணம்) நோட்டெல்லாம் செல்லாதுன்னுட்டாங்க, லட்சக்கணக்குல கப்பல் ஏறினாங்க, மெட்ராஸ்ல பர்மா பஜார் போட்டவங்களும் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை வச்சவங்களும் அந்த சனங்கதான். உங்க குடும்பம் போகல. ஏன் போகலைன்னு உங்க அப்பாகிட்ட பேரனுக்கு சொல்ல சொல்லுங்க, அடி உதைங்குற பாடத்தை விட அவர்கிட்ட இருக்குற பெரிய சரக்கு அதுதான்.

கதை சொல்லும்போது ஒண்ணு பாத்துக்கணும், நமக்கு மட்டும்தான் அநியாயம் நடந்துச்சுன்னு முடிச்சிட கூடாது. 1987 செப்டம்பர்ல 25, 35, 75 சாட் நோட்டு ஒரே நாள்ல செல்லாம போச்சு, அப்ப பக்கத்து வீட்டு பர்மாக்காரர் சேமிப்பும் நம்ம சேமிப்பும் சேந்தேதான் காகிதம் ஆச்சு, மாணவர்கள் எல்லாம் ரோட்டுக்கு வந்துட்டாங்க. அதையும் சொல்லுங்க. அப்பதான் வகுப்புல கேலி பண்ணுற அந்த ரெண்டு மூணு பேரையும் மீதி வகுப்பையும் ஒண்ணா போட்டு வெறுக்க மாட்டான். 1982 குடியுரிமை சட்டம், யாருக்கு எந்த கலர் குடியுரிமை கார்டுங்குற விவகாரம் எல்லாம் அவனா கேக்கும்போது மறைக்காம சொல்லுங்க, இப்பவே எல்லாத்தையும் தலையில இறக்க வேணாம்.

கேள்வி: பெரியவனுக்கு 13, சின்னவளுக்கு 7. அவனுக்கு போன் கொடுத்தா இவளுக்கும் வேணும், அவன் 9 மணி வரைக்கும் முழிச்சிருந்தா இவளும். எதை எடுத்தாலும் அநியாயம் அநியாயம்னு கத்துறா, காது போகுது. (மாந்தலே)

பதில்: இந்த வயசுல சமம்னா ரெண்டு பேருக்கும் ஒரே அளவுன்னுதான் தோணும். 6லேருந்து 8 வயசு புள்ளைங்ககிட்ட ஒரு சோதனை பண்ணாங்க, ரெண்டு பசங்க ரூமை நல்லா சுத்தம் பண்ணாங்க, பரிசா 5 அழிரப்பர் இருக்கு, ஆளுக்கு 2 கொடுத்தாச்சு, மிச்சம் ஒண்ணை யாருக்காவது கொடுக்கலாமா குப்பையில போடலாமான்னு கேட்டா, பெரும்பாலான புள்ளைங்க குப்பையில போட சொல்லிடுச்சுங்க. நல்ல ரப்பரை குப்பையில போட்டாலும் போடுவேனே தவிர ஏத்தத்தாழ்வு கூடாதுன்னு. உங்க சின்னவ அந்த வயசுலதான் இருக்கா. அதனால, அண்ணன் பெரியவன்னு மட்டும் சொன்னா எடுபடாது, காரணத்தோட வயசையும் சொல்லுங்க. 9 மணி வரைக்கும் முழிக்கிறது 12 வயசுலேருந்து, உனக்கும் 12 வந்தா அதேதான். அவனுக்கும் 7 வயசுல 8 மணிக்கே படுக்கைதான்னு அவன் வாயாலயே சொல்ல வைங்க. பெரியவனுக்கு வயசுக்கேத்த வேலையும் கூட கொடுங்க, கரண்ட் இருக்கும்போதே தண்ணி ஏத்துறது, இன்வெர்ட்டர் பேட்டரி பாக்குறது மாதிரி, அவ அதையும் தனக்கு வேணும்னு கேட்டா கொடுத்துடுங்க, தண்ணி தொட்டி நிரம்பி வழியுறதை பாத்துட்டே இருக்குறது அவளுக்கு பிடிச்சாலும் பிடிக்கும்.